சுக்கான் பிடிப்பவரோடு கதைப்பது

குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்பட்ட மோட்டர் வள்ளம் பாதிக் கடலுக்கு வருமுன்பே மழை பிடித்துக்கொண்டது. தியாகலிங்கம் எழுந்து நின்றான், இருந்தான், மறுபடி எழுந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் துணை விமானியாகப் போன விமானம் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். பக்கத்தில் அக்கா கமலாதேவி அர்ச்சனைத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தாள். தம்பி உயிரோடு வந்ததற்கு நயினாதீவு அம்மனுக்கு அவள் வைத்த நேர்த்தி.

"இரடா, வள்ளம் ஆடுது," என்றாள். அவன் இருந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "விசாரணையிலை ஒண்டுக்கும் பயப்பிடாதை. நீ சொன்னனீ, கப்டன் கேக்கேல்லை. உள்ளதைச் சொல்லு, போதும்."

அந்த உள்ளதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதே அக்கா, "ஆபத்தெண்டு நீ கப்டனுக்குச் சொன்னனீதானே?" என்று கேட்டிருந்தாள். தான் தலையாட்டினானா, வலியில் தலை தன்பாட்டில் அசைந்ததா என்று அவனுக்கே நிச்சயமில்லை. அக்காவுக்கு அது போதும். ஊர்காவற்றுறைச் சந்தையில் மீனை வாங்கிக்கொண்டு கதையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கதை வேலணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தியாகலிங்கம் கப்டனின் கையைப் பிடித்துத் தடுத்ததாகவும் ஆகியிருந்தது. தீவுப்பகுதியில் கதைகளுக்கு யாரும் தீனி போடத் தேவையில்லை. மறுத்துச் சொல்லக் கப்டன் வின்சன்ற் உயிரோடு இல்லை. நாளைக்குக் கொழும்பு ரயில் ஏறவேண்டும். விசாரணையில் சத்தியம் செய்து, சொன்னேன் என்றால் பறக்கும் வேலை மிஞ்சும். சொல்லவில்லை என்றால் அதுவும் போய், ஊரில் தலைகாட்டவும் ஏலாது.

அது ஒரு தனியார் கம்பனியின் சின்ன விமானம். பலாலி விமான நிலையத்தை நெருங்கியபோது மழை கண்ணாடியை அடைத்துவிட்டது. வலப்பக்க என்ஜின் இருமத் தொடங்கியது. கப்டன் இரண்டு கையாலும் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் துணை விமானியான இவன் தலையில். இரைச்சலுக்குள் நிலையத்தைக் கூப்பிடவேண்டும், சில்லை இறக்கவேண்டும், என்ஜினைக் கவனிக்கவேண்டும், கூரையால் ஒழுகும் தண்ணீர் வரைபடத்தில் விழாமலும் பார்க்கவேண்டும். அதற்குள் ஒருமுறை அவன் கண் உயரமானியில் விழுந்தது. ஓடுபாதை விளக்கு இன்னும் தெரியவில்லை. விளக்குத் தெரியாமல் இறங்கக்கூடாத உயரத்துக்கும் கீழே முள் போய்க்கொண்டிருந்தது. கப்டன் அதைப் பார்க்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவன் ஊர்காவற்றுறைக் கப்பல்காரன் வீட்டுப் பிள்ளை. அப்பா தம்பையா பாய்க்கப்பலை நடத்தும் தண்டயலாக இருந்தவர். காற்றுக்குள் சுக்கான் பிடிப்பவரோடு கதைத்தால் அந்த வீட்டில் கன்னம் வீங்கும். அவருடைய கை ஓயட்டும், பிறகு சொல்வோம் என்று காத்திருந்தான். கை ஓயவில்லை. கண்ணாடிக்கு நேரே பனைமர வட்டுகள்தான் வந்தன.

வள்ளத்தின் இயந்திரம் விக்கி நின்றது. ஓட்டி குழந்தைவேலு சுக்கான் கட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு குனிந்து, எதையோ இழுத்தார். இயந்திரம் பிடித்தது, மறுபடி விக்கியது. ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே மறுகையால் தண்ணீரை இறைத்தார். அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அப்போது மழைக்குள் ஒரு கம்பு தெரிந்தது. கடலடிக் கல்லைக் காட்ட நட்ட கம்பு. நயினாதீவுக்குப் போகையில் அது இடப்பக்கம் நிற்கவேண்டும். வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தது.

தியாகலிங்கம் கண்டான். வள்ளத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரும் கண்டிருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தைவேலு நிமிரட்டும் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். இந்த முறையுமா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"அண்ணை, கம்பு வலப்பக்கம் நிக்குது," என்றாள் கமலாதேவி. சத்தம் போடக்கூட இல்லை.

குழந்தைவேலு தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஓம் பிள்ளை," என்றார். சுக்கானைத் திருப்பினார். வள்ளம் சரிந்து திரும்பியது. அவர் மறுபடி இயந்திரத்துக்குக் குனிந்துவிட்டார்.

அவ்வளவுதான். கோபமில்லை, அறையில்லை. ஓம் பிள்ளை. வின்சன்றும் அப்படித்தான் ஓம் என்றிருப்பார். நல்ல மனிசன்.

"அக்கா, நான் சொல்லேல்லை."

"என்னத்தை?"

"அவருக்கு. கீழை பதிய வந்திட்டம் எண்டு. கண்டனான், சொல்லேல்லை."

இயந்திரச் சத்தத்துக்குள்ளும் அவளுக்குக் கேட்டுவிட்டது. சேலைத் தலைப்பு தட்டிலிருந்து நழுவியது. அவள் அதை எடுத்து மூடவில்லை.

"ஏன்ரா?"

"அவர் பிடிச்சுக்கொண்டெல்லோ இருந்தவர். காத்துக்குள்ளை."

அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள். குழந்தைவேலுவின் நனைந்த முதுகைப் பார்த்தாள்.

"சுக்கான் பிடிக்கிறவரோடை நான் இப்ப கதைச்சனானேடா," என்றாள்.

"ஓம்."

கம்பு இடப்பக்கமாக, கை நீட்டினால் தொடலாம் என்ற கிட்டத்தில் வந்தது. அலை ஒன்று பின்வாங்கியபோது அதன் அடியில் இருந்த கல் கறுப்பாக, பாசியோடு முழுவதும் தெரிந்தது. அடுத்த அலை வந்து மூடும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.