அந்தப் படம் யாரிடம் இருக்கிறது

கல்லூரி முடித்த கையோடு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கவுண்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தவள் நிஷா. ஒரு சனிக்கிழமை மதியம் ஊழியர்களின் சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. கூட வேலை பார்க்கும் ஸ்ரீலக்ஷ்மி மட்டும் எழுந்து வந்து, போனைக் கவிழ்த்துப் பிடித்தபடி, "நீ பாக்காம இருந்தா நல்லதுடி. ஆனா உனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள்.

படத்தில் இருந்தது நிஷாதான். தமிழ்மாறனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்த நாட்களில் அவன் கெஞ்சிக் கேட்டதற்காக, வீடியோ காலில் அவனுக்கென்று மட்டும் காட்டியது. அவளுக்குத் தெரியாமல் அவன் அதைப் பதிவு செய்திருக்கிறான். பிறகு ஒருநாள் அவன் அவள்மேல் கை நீட்டினான். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். இப்போது அந்தப் படங்களுக்குக் கீழே அவள் பெயர், கடையின் பெயர், போன் நம்பர்.

சாயங்காலத்துக்குள் முகம் தெரியாதவர்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். ஓர் அழைப்பை அவளுடைய அப்பா தணிகாசலம் எடுத்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், கெட்ட வார்த்தை அவருக்குப் புதிதல்ல. மறுமுனையில் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கோட்டூர்புரம் பாலத்துக்கு நடந்தார். மகளின் போனை அடையாற்றில் வீசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"முடிஞ்சிச்சு. இனிமே இந்த ஊட்ல இத்தப் பத்திப் பேச்சு வரக்கூடாது."

முடியவில்லை. குடியிருப்பின் மாடிப்படியில் நிற்கும் ஆண்கள் அவளைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஷா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அவள் அம்மா வேலம்மா எங்கிருந்தோ ஒரு திருப்புளி வாங்கி வந்து, அறைக்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினாள். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வேலம்மா மயிலாப்பூரில் நீரஜா என்பவர் வீட்டில் சமைக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் அவள் நின்றிருந்த அன்று, நீரஜா கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அழாதீங்கோ வேலம்மா. லஸ் பக்கத்துல இதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு. இன்னிக்கே பொண்ணைக் கூட்டிண்டு போங்கோ."

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கே ரூபீனா என்ற பெண் இருந்தாள். இணையத்தில் இப்படிப் பரவும் படங்களை நீக்க வைப்பதுதான் அவள் வேலை. நிஷா தலையைத் தூக்கவில்லை.

"யார் தப்புன்னு இங்க உன்னைக் கேக்க மாட்டோம்மா. எங்கெங்க இருக்குன்னு மட்டும் பாப்போம். படமோ லிங்க்கோ ஏதாவது வெச்சிருக்கியா?"

"போன் ஆத்துல கீதுக்கா."

ரூபீனா அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு வேலம்மாவுக்கும் புரியும்படி சொன்னாள். "படத்தை என்கிட்டகூட குடுக்க வேணாம். நிஷா கையில ஒரு போன் இருந்தா அதுலயே அதுக்குக் கைரேகை மாதிரி ஒண்ணு எடுத்துடலாம். அந்த ரேகையைப் பெரிய கம்பெனிங்களுக்கு அனுப்பினா, அதே படத்தை யாராவது திரும்ப ஏத்தும்போது அவங்களே தடுப்பாங்க. ஆனா ரேகை எடுக்கப் படம் வேணும். மத்த இடத்துல நீக்கச் சொல்ல லிங்க் வேணும்."

ஸ்ரீலக்ஷ்மியை அழைத்துக் கேட்டார்கள். அவள் அன்றைக்கே அழித்துவிட்டிருந்தாள். நல்லவர்கள் எல்லோரும் அழித்துவிட்டார்கள். வைத்திருப்பவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

"எங்க பிளாக்குல கீது," என்றாள் வேலம்மா. "நான் கேட்டு வாங்கியாறேன்."

"வேணாம்மா," என்றாள் நிஷா. அன்று அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வேலம்மா மேல்மாடியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எம் பொண்ணு படம் உங்க போன்ல வந்துச்சாமே, ஒரு தபா குடுங்க, போலீசுக்குச் சொல்ல வேணும்," என்றாள். ஒரு வீட்டில், "இன்னா படம்? எங்களுக்கு ஒண்ணும் வரலியே," என்றார்கள். இன்னொரு வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. ஒருவன் சிரித்தான், அவன் பெண்டாட்டி அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நேற்றுவரை எல்லோரும் பார்த்த படம், அன்று யாரிடமும் இல்லை.

தரைத்தளத்தில் தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்தபோது வேலம்மா கதவைத் தட்டவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மாடியில் அவள் கேட்டுக்கொண்டு வந்தது காதில் விழுந்திருந்த தங்கபுஷ்பம் அவளை உள்ளே கூட்டிப்போய், மின்விசிறிக்குக் கீழே சார்ஜில் இருந்த தன் புருஷனின் போனை எடுத்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"குரூப்புல வந்துது. அந்தாளு வெச்சிக்கினுதான் கீறாரு. இதானான்னு பாருக்கா."

அதுவரை வேலம்மா அதைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். மகளின் பின்னால் தொங்கியது அவள் தன் கையால் தைத்த திரைச்சீலை. மகளின் முகத்தில் கூச்சமும், எதிரில் இருப்பவனை முழுசாக நம்புகிற சிரிப்பும் இருந்தன. அந்தச் சிரிப்பைத்தான் வேலம்மாவால் தாங்க முடியவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"வா, போலாம்," என்று தங்கபுஷ்பம் போனை இடுப்பில் செருகினாள். "அந்தாளு கேட்டா கேக்கட்டும்."

இரண்டு பேரும் நிஷாவோடு பஸ் ஏறி லஸ் ஆபீஸுக்குப் போனார்கள். ரூபீனா மற்ற எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, படங்களை நிஷாவின் புதுப் போனுக்கு மாற்றித் தந்து, தானும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஒவ்வொரு படத்தையும் நிஷாவே திறந்து, இது நான் என்று குறிக்க வேண்டியிருந்தது. பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிய அதிகாரி, "நீ ஏம்மா இதெல்லாம் காட்டின?" என்று கேட்டார்.

"அவ ஒருத்தனுக்குக் காட்டினா, சார். அவன் ஊருக்கே காட்டினான். ஊருக்குக் காட்டினவனைப் பத்திக் கேளுங்க," என்றாள் ரூபீனா. அவர் எழுதத் தொடங்கினார்.

தமிழ்மாறனைப் பிடித்தார்கள். சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான். பெரிய தளங்களிலிருந்து படங்கள் போயின, குரூப்பும் மூடப்பட்டது. எந்த நாட்டிலிருந்து நடக்கிறது என்றே தெரியாத ஒரு தளம் மட்டும் எந்தக் கடிதத்துக்கும் பதில் தரவில்லை. புருஷனின் போனை எடுத்துப்போனதற்கு மறுநாளே தங்கபுஷ்பத்தின் கன்னம் வீங்கியிருந்தது. வேலம்மா அதைத் தொடப் போனபோது, "உடுக்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தணிகாசலம் மகளோடு பேசாமலே இருந்தார். திருவான்மியூரில் ஒரு கடையில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று காலை, ஆட்டோவைக் கிளப்பி வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். அவள் இறங்கும்போது, "போனை நான் ஆத்துல போட்டிருக்கக்கூடாது," என்றார். நிஷா தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ரூபீனா அழைத்தாள். வேறொரு பெயரில், வேறொரு பக்கத்தில், அதே படங்கள்.

நிஷா அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகவே லஸ்ஸுக்கு வந்தாள். ரூபீனா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ பாக்க வேணாம். நான் அனுப்பிடறேன்."

"குடுங்கக்கா," என்றாள் நிஷா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துப் புகாரில் ஏற்றினாள்.