முன்கண்ணாடியில் மெழுகு

ஞாயிற்றுக்கிழமை காலையில் டன்லின் பே சுற்றுலாத் தகவல் மையத்துக்கு வந்த அந்த ஆள், திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார்.

"வியாழக்கிழமை என் பொண்ணு இங்க வந்தாளாம்மா? டெஸ்னு பேரு. செம்பட்டை முடி. உங்கள விடக் கொஞ்சம் ஒசரம்."

மேசைக்குப் பின்னால் வேலையிலிருந்த டெலிஸுக்கு யாரென்று உடனே புரிந்தது. வடக்கு முனையில் காணாமல்போன பெண்ணைத் தேடுவதாக நேற்றிலிருந்து வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அவளுடைய அப்பா. ரெக் ஹாலோரன், கடலிலிருந்து வெகு உள்ளே தள்ளிய ஊரில் கோதுமை விவசாயி.

"வடக்கு முனைக் கலங்கரை விளக்கம் பாக்கப் போறேன்னு தோழிகிட்ட சொல்லியிருக்கா. அதான் அங்கயே தேடுறாங்க. ஆனா காரைக் காணோம். அவ வேற எங்கயாவது வழி கேட்டாளா?"

கேட்டிருந்தாள். இதே மேசையில் வரைபடத்தை விரித்து, "பைன் தோப்புக்குப் பின்னாடி கெட்டில்னு ஒரு இடம் இருக்காமே?" என்று கேட்டாள். ஊரில் எல்லோரும் சொல்லும் பதிலையே டெலிஸும் சொன்னாள். "அது தனியார் வழி கண்ணு. அங்க ஒண்ணுமே இல்ல."

அப்படிச் சொல்லும்படி யாரும் அவளுக்கு உத்தரவிடவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு உத்தரவு தேவையில்லை. கெட்டில் பலகையில் அலைச்சறுக்க ஏற்ற கடற்கரை; அதன் அலைகள் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்பது உள்ளூர்ப் பையன்களின் நினைப்பு. நகராட்சி வைக்கும் வழிகாட்டிப் பலகை ஒரு வாரம் தாங்காது. வெளியூர்க் கார் அங்கே நின்றால், அலைப்பலகைக்குத் தேய்க்கும் மெழுகை முன்கண்ணாடி முழுக்க அப்பிவிட்டு டயரில் காற்றைப் பிடுங்குவார்கள். சாயங்காலம் மதுக்கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். டெலிஸின் தம்பி க்ளிண்டுக்கு நாற்பது தாண்டியும் இந்தப் பழக்கம் விடவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் பின்னறைக்குப் போய்த் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கெட்டில்ல வெளியூர்க் கார் ஏதாவது நிக்குதாடா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து ஒரு வெள்ளைக் கார் நிக்குது. ஏன், நீ அனுப்பின கிராக்கியா?" க்ளிண்ட் சிரித்தான். "கண்ணாடிய வெள்ளையடிச்சு விட்டோம். ரெண்டு டயர் படுத்தாச்சு. மவராசன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ஊருக்கு நடந்திருப்பான்."

"மவராசன் இல்லடா. பொண்ணு. எல்லாரும் தேடுற அந்தப் பொண்ணு."

சிரிப்பு நின்றது.

"வடக்கு முனைன்னுதானேக்கா சொன்னாங்க?" குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒரு மணி நேரம் குடு. நானும் டேரனும் போய் மெழுகைத் துடைச்சிடறோம். அப்புறம் போலீசுக்குச் சொல்லு. மூணு நாள் ஆயிடுச்சு, ஒரு மணி நேரத்துல என்னக்கா ஆயிடப்போவுது?"

அவன் சொன்னது சரியாக இருக்கலாம் என்று டெலிஸுக்குத் தோன்றியது. தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதவிடுக்கு வழியாக ரெக்கைப் பார்த்தாள். உட்காரச் சொன்னதால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே சொல்றேன்," என்று தொலைபேசியை வைத்தாள்.

ரெக்கிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உங்க பொண்ணு வேற ஒரு இடத்தைக் கேட்டா. அங்க ஒண்ணும் இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அவ கார் அங்கதான் நிக்குது."

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. "அங்க தண்ணி எப்படிம்மா?" என்றார்.

"கடல் வடியுற நேரத்துல பாறைக்குத் தெற்கால இறங்கினா ஆழத்துக்கு இழுத்துடும்." டெலிஸுக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு நான் சொல்லல."

போலீசார் நாயோடு அங்கே போனபோது டெலிஸும் ரெக்கும் பின்னாலேயே போனார்கள். க்ளிண்ட் தன் வண்டியோடு ஏற்கெனவே அங்கே இருந்தான். காரைத் தொடும் தைரியம் அவனுக்கு வரவில்லை போலும்.

முன்கண்ணாடி பால் கொட்டி உறைந்தது போலிருந்தது. ஆனால் ஓட்டுநர் பக்கம் மட்டும், ஏதோ அட்டையால் சுரண்டியதுபோல, முகமளவுக்கு மெழுகில் ஓர் ஓட்டை. ரெக் அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். இருக்கையில் உப்பு பூத்த துண்டு கிடந்தது. பிரேக் மிதியில் காய்ந்த ரத்தம்.

"கரைக்கு வந்துட்டா!" என்று கத்தினார். "பாருங்கம்மா, கால்லதான் அடி. தண்ணி அவளக் கொண்டுபோகல!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை டெலிஸ் பார்த்தாள். அது அணைந்ததையும் பார்த்தாள். அவர் குனிந்து டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஏன் ஓட்டிக்கிட்டு வரல?"

டெலிஸுக்குப் பதில் தெரிந்தது. அங்கே கைப்பேசி எடுக்காது. நெடுஞ்சாலைக்கு மண்பாதை வளைந்து வளைந்து போகும். இருட்டில் பைன் தோப்பு வழியாக ஊர் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நடுவில் சதுப்பு இருப்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

"யாரு செஞ்சது?" என்றார் ரெக்.

"நாங்கதான் சார்," என்றான் க்ளிண்ட். "சும்மா வெளையாட்டுக்கு. எல்லாருக்கும் செய்யிறதுதான். அவங்க தண்ணில இருந்தாங்க, எங்களுக்கு..."

தோப்புக்குள்ளிருந்து நாய் விடாமல் குரைத்தது. சிறிது நேரம் கழித்து ஓர் இளம் போலீஸ்காரர் மரங்களுக்கிடையிலிருந்து முழங்கால்வரை சேற்றோடு வந்தார். ரெக்கைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினார். அவர் வாய் திறக்கும் முன்பே ரெக் அவரைத் தாண்டித் தோப்புக்குள் போய்விட்டார்.

க்ளிண்ட் தன் வண்டியிலிருந்து காற்றடிக்கும் பம்பைத் தூக்கி வந்தான்.

"டயருக்குக் காத்தடிச்சு வைக்கட்டுமாக்கா?"

அவன் மண்டியிட்டு அடிக்க ஆரம்பித்தான். போலீஸ்காரர் அதட்டி நிறுத்தச் சொல்லியும் அவன் கை நிற்கவில்லை.