கல் கழுவிய தண்ணீர்

ஒரு குடம் தெளிந்த தண்ணீரின் விலை அந்தக் கிழமை ஒரு சோடித் தங்கத் தோடு. கழற்றிக் கொடுக்க மூன்று பெண்கள் தயாராக இருந்தார்கள், விற்கத்தான் ஆளில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம், அதற்குள் ஷெல்லடிக்குத் தப்பி வந்த குடும்பங்கள். கிணறு வெள்ளத்துக்குள் போய்விட்டது. வாவியைக் கடந்து பட்டணம் போகிற துறையை ஆமிக்காரர் மூடிவிட்டார்கள். மிஞ்சியது வயல்வட்டையில் தேங்கிய வெள்ளம்தான், பால்தேத்தண்ணீர் நிறத்தில். துணியில் வடித்தாலும் அதே நிறம், விடிய விடிய அசையாமல் வைத்தாலும் அதே நிறம்.

செங்கலடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நல்லரத்தினம் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனார். கடை எரிந்தபோதுகூட இவ்வளவு அலுக்கவில்லை. மகள் புஸ்பத்துக்குப் பால் வற்றிவிட்டது. இரண்டு மாதப் பேரனுக்குப் பால்மாதான். காலையிலிருந்து பிள்ளைக்கு வயிறு ஓடியது.

“இந்தச் சேத்தக் கரைச்சுக் குடுத்தா புள்ள தாங்காதப்பா” என்றாள் புஸ்பம்.

படிகாரம் வேண்டும். தனித்தனியாக மிதக்கிற பொடிமண் படிகாரத்தைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாரம் கூடும், தானாகக் கீழே இறங்கும். கடையில் மூட்டையாக வைத்து விற்றவருக்கு இது தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில் அது யாரிடம் இருக்கும் என்பதும் தெரியும். சைக்கிள் கொட்டிலுக்குப் போனார். மண்டபத்துக்குள் இடமில்லையென்று சலூன் இளையதம்பி குடும்பத்தை அங்கேதான் ஒதுக்கியிருந்தார்கள்.

“இளையதம்பி, கன்னத்தில தடவுற படிகாரக் கல்லு கிடக்கோ?”

“கிடக்கு முதலாளி. சவரம் எடுக்கவோ? எடுக்கத்தான் வேணும், இந்தத் தாடியக் கண்டா பேரன் பயந்திருவான்.”

“தண்ணிக்குப் போட.”

“அப்ப வில வேற.” இளையதம்பி பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் அடங்கும் தேசிக்காய் அளவு கல்லை எடுத்தான். “காசு வேணாம். பொண்சாதி காய்ச்சலில கிடக்கிறா. தெளிஞ்ச தண்ணியில முதக் குடம் எனக்கு.”

“முதக் குடம் வண்ணக்கர் வீட்டுக்குப் போகாட்டி கோயில் பீப்பாவே கிடைக்காதடா. மூண்டாவது.”

“ரெண்டாவது.”

“ரெண்டாவது என்ர பேரனுக்கு.”

இளையதம்பி மண்டபத்துப் பக்கம் பார்த்தான். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. “சரி, மூண்டாவது” என்று கல்லைக் கொடுத்தான். இந்தக் காலத்திலும் பேரம் படிந்ததில் நல்லரத்தினத்துக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

வட்டைத் தண்ணீர் நிரப்பி மண்டபத்தில் வைத்திருந்த பீப்பா கோயிலுடையது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் மனைவி அன்னப்பூரணி அதன் பக்கத்திலேயே பாய் போட்டிருந்தாள்.

“ஆர்ர கல்லு தம்பி?”

“படிகாரம் ஆர்ரயா இருந்தா என்ன அக்கா?”

“எத்தின பேர்ர தாடியில உரசினதோ! கொதிதண்ணியில மஞ்சள் போட்டுக் கழுவாம என்ர பீப்பாக்குள்ள வரப்படாது.”

உங்கள் வீட்டுத் தாடியும் அதில் ஒன்றுதான் என்று சொல்ல வந்ததை நல்லரத்தினம் விழுங்கினார். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. கல்லைக் கொடுத்துவிட்டுப் பேரனைப் பார்க்கப் போனார். அன்னப்பூரணி இருந்த காய்ந்த விறகையெல்லாம் எரித்துப் பானையைக் கொதிக்கவிட்டு, கல்லை உள்ளே போட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது அவள் அகப்பையால் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“கல்லக் காணல்ல! சலூன்காரன் கற்கண்டத் தந்து ஏமாத்திப்போட்டான் தம்பி!”

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொட்டில் வாசலில் இளையதம்பி நின்றான்.

கல் எங்கும் போகவில்லை. கரைந்து அந்த மஞ்சள் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அதைச் சொன்னால் இளையதம்பியின் பெயர் தப்பும். ஆனால் சலூன் கல்லைக் கழுவிய தண்ணீரை அன்னப்பூரணி பீப்பாவுக்குள் விடுவாளா? பிள்ளையின் அழுகை இப்போது முனகலாகியிருந்தது.

“இந்தக் கழிவ வெளியில ஊத்திட்டு வாறன் அக்கா. நீங்க கொஞ்சம் சாயுங்க” என்றார் நல்லரத்தினம். அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள். சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு சரிந்தாள். அவர் பானையைத் தூக்கிப் பீப்பாவைச் சுற்றிப் பின்பக்கம் போய், பீப்பாவுக்குள் தேங்காய்ச் சிரட்டையால் ஒரு அளவு ஊற்றினார். முதலில் ஒரு தடியால் வேகமாகக் கலக்கினார், பிறகு மெதுவாக, பிறகு தடியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். இளையதம்பி எல்லாவற்றையும் பார்த்தான். குடத்தை எடுத்துவரக் கொட்டிலுக்குள் போனான்.

தண்ணீருக்குள் பஞ்சுபோலத் திரள் திரளாக மண் கூடியது. மெல்ல இறங்கியது. மத்தியானம் திரும்பியபோது மேல்தண்ணீர் தெளிந்து, அதில் கூரையின் ஓடு தெரிந்தது.

“பிள்ளையார்ர கருணை!” என்று கும்பிட்டு அன்னப்பூரணி செம்பைக் கையில் எடுத்தாள். வண்ணக்கர் வீட்டுக்கு ஒரு குடம். பேரனுக்கு ஒரு குடம். மூன்றாவதாக இளையதம்பி குடத்தை நீட்டினான்.

“ஏமாத்தினவனுக்குக் கடைசியாத்தான்!” என்றாள் அன்னப்பூரணி.

நல்லரத்தினம் தரையைப் பார்த்தார். இளையதம்பி வரிசையின் வாலுக்குப் போனான். அவனுடைய முறை வந்தபோது செம்பில் ஏறியது அடிமண்டிதான்.

புஸ்பம் மிஞ்சிய தணலில் தண்ணீரைக் காய்ச்சிப் பால் கரைத்தாள். பிள்ளை குடித்தான், நிறுத்தினான், மறுபடி குடித்தான், தூங்கினான். நல்லரத்தினம் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், இளையதம்பியின் குடத்து மண்டியைக் கொட்டிக் கழுவி, தன்னுடையதில் பாதியை ஊற்றினார்.

“கற்கண்டு வியாபாரம் எப்பிடி முதலாளி?” என்றான் இளையதம்பி, மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்தபடி.

நல்லரத்தினம் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டார். திரும்பி நடக்கும்போது பழக்கதோஷத்தில் மனம் கணக்கை முடித்துக்கொண்டிருந்தது. இளையதம்பியிடமிருந்து வரவு, படிகாரக் கல் ஒன்று. கொடுத்தது, அரைக் குடம். பாக்கி, அரைக் குடமும், மண்டபத்தில் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையும்.