மேல்வீட்டுத் தண்ணீர்

"மேல யாரும் தண்ணி விடாதீங்கன்னு எத்தனை தடவை கத்துறது!"

படிக்கட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, மிளகாய் மறுபடி மண்டியிட்டுக் குளியலறைக் கதவின் அடியில் பழைய புடவையைத் திணித்தாள். முதலில் திணித்த துண்டு ஊறிப்போய்விட்டிருந்தது. மாடியில் யாராவது கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் போதும், கீழ்வீட்டுக் கழிப்பறைப் பீங்கானில் அது குபுகுபுவென்று ஏறித் தரையில் வழிந்து கதவு வரை வந்துவிடும். கதவுக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அம்மா படுத்திருந்தாள். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மிளகாய் என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதிலேயே அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். நாற்பதை நெருங்கியும் அது அங்கிருந்து இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, பெற்ற மகளுக்கு அழுகை வராமல் ஆத்திரம்தான் வந்துகொண்டிருந்தது.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே வந்து குனிந்தான். "மெதுவாப் பேசேன். வெளிய எல்லாம் என் ஆபீஸ் ஆளுங்க."

"செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடு."

"இன்னைக்கா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இத்தனை பேர் இருக்கறப்ப அந்த நாத்தத்தைக் கிளப்பணுமா? நாளைக்கு நானே கூப்பிடுறேன்."

"அம்மாவைக் குளிப்பாட்டணும். எங்க வச்சுக் குளிப்பாட்டுறது?"

"ஆஸ்பத்திரியிலயே சுத்தம் பண்ணித்தானே குடுத்தாங்க. ஈரத்துணியால தொடைச்சா போதும். இல்லைன்னா மாடிக்குத் தூக்கிட்டுப் போலாம்."

"அந்தத் தண்ணி எங்க வரும்? இங்கதான் வரும். அம்மா குளிச்ச தண்ணி இந்தக் கூடத்துல வந்து நிக்கணுமா?"

அண்ணன் வாசலுக்குப் போய்விட்டான். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவனுக்கு வாசலில் ஒரு வேலை இருக்கும்.

மேலும் கீழுமாக வீடு இரண்டு, கழிவுத் தொட்டி ஒன்று. குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர், எல்லாம் ஒரே குழாயில் இறங்கி, முன்வாசலுக்குக் கீழே இருந்த அந்தத் தொட்டிக்குத்தான் போகும். தொட்டி நிறைந்துவிட்டால் மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் ஊற்றுவது சமர்த்தாகக் கீழே போய்விடும். போக வழியில்லாமல் கீழ்வீட்டில்தான் எட்டிப் பார்க்கும். மாடியில் அண்ணன் குடும்பம். கீழே அம்மாவும் மிளகாயும்.

அப்பா இருந்தவரை சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி வரும், மூடியைத் திறப்பார்கள், உறிஞ்சிக்கொண்டு போவார்கள். அதில் பேச ஒன்றுமே இருந்ததில்லை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கார் வாங்கினான். காருக்காக வாசல் முழுவதும் டைல்ஸ் போட்டான். டைல்ஸ் போட வந்தவர், தொட்டி மூடிக்கு மட்டும் ஒரு சதுரம் விட்டுவிடட்டுமா என்று கேட்டார். ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும், மூடிவிடுங்கள் என்றான் அண்ணன். மூடிவிட்டார்கள். அதன்பின் தொட்டியைத் திறக்க வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். டைல்ஸை உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. கடையில் ஏதோ ஒரு பொடி வாங்கி வந்து, இதைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தானாகவே கரைந்துவிடும் என்று விளக்கம் வேறு சொன்னான்.

மிளகாய் சண்டை போடாத வாரமில்லை. "விடுடி, அவனே பாத்துக்குவான்," என்று அம்மாதான் நடுவில் வந்து விழுவாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டபோது மிளகாய்க்குச் சுருக்கென்றது. சிறுநீரில் தொற்று, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தினமும் மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவின் தலைமாட்டில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறவள் அவள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் காலியாக இருக்கும். குடிச்சிருக்காங்க டாக்டர், நான்தான் பாக்கறேனே என்று அடித்துச் சொன்னாள். 

பக்கத்து வீட்டு டீச்சர் வந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மிளகாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கமானவ உங்கம்மா. நீ வேலைக்குப் போனதும் எங்க வீட்டுக்கு வந்துடுவா."

"எதுக்கு?"

"பாத்ரூமுக்குத்தான். எங்க வீட்டுத் தாழ்ப்பாள் சரியில்லை டீச்சர்னு சொல்லுவா. தண்ணி பாட்டிலும் கையோட வரும். குடிக்கலையான்னு கேட்டா, குடிச்சா சும்மா சும்மா உங்க கதவைத் தட்டணுமேன்னு சிரிப்பா. சிரிச்சுக்கிட்டே அதை என் செடிக்கு ஊத்திடுவா. வீணாக்கக் கூடாதாம். இப்பக் கொஞ்ச நாளா முழங்கால் வலின்னு வரதையும் நிறுத்திட்டா."

டீச்சர் நல்லபடியாகத்தான் சொன்னார். மிளகாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முதல் கோபம் அம்மா மேல்தான் வந்தது. காலி பாட்டிலைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாள். மகன் பேர் கெடக்கூடாது, மகள் சண்டைக்குப் போகக்கூடாது, அதற்காக நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எழுப்பி உட்காரவைத்து நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. கேட்க வழியில்லை என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

தெருமுனைச் சுவரில் லாரிக்காரர் எண் எழுதியிருந்தது. போய்ப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, நேராகக் காரின் முன்னால் வந்து நின்றாள்.

"வண்டியை எடு."

"மறுபடி ஆரம்பிச்சுட்டியா?" அண்ணன் சுற்றிலும் பார்த்தபடி சிரிக்க முயன்றான். "உள்ள போய்ப் பேசலாம் வா."

"இங்கயே பேசலாம். அம்மா தண்ணி குடிக்காமச் செத்துருக்கா. பாத்ரூம் போக வழியில்லாம, வாயைக் கட்டிக்கிட்டுச் செத்துருக்கா. நீங்கல்லாம் மேல குளிச்சு முடிக்கறவரைக்கும் அவ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கா. உன் டைல்ஸ் உடையக் கூடாதுன்னு."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா அவங்களைத் தண்ணி குடிக்காதேன்னு சொன்னேன்?"

"நீ சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டே."

 அண்ணன் போய் ஒளிந்துகொள்ள இப்போது வாசல் கிடையாது, வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, காரைப் பின்னால் நகர்த்தித் தெருவில் விட்டுவிட்டு வந்தான்.

லாரி வந்ததும் இறங்கியவர், நாற்காலிகளைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். "சாவு வீடுங்களா? நாளைக்கு வரட்டுமா?"

"இப்பவே பண்ணுங்க."

"மூடி எங்கம்மா?"

டைல்ஸுக்குக் கீழே அது எங்கே என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. அண்ணன் வாசலின் நடுவில் காலால் தட்டிக் காட்டினான். லாரிக்காரர் கடப்பாரையைப் போட்டார். டைல்ஸ் தெறித்தது, கீழே வெறும் மண். கொஞ்சம் தள்ளிக் காட்டினான். அங்கேயும் மண்தான். "டைல்ஸ்காரர் நம்பர் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அங்க இல்ல." மாடிப்படியிலிருந்து அண்ணி சொன்னாள். "மதில் ஓரமா. வண்டியோட பின்சக்கரம் நிக்குமே, அங்க. மூடுறப்ப மாடியிலிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மிளகாய் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நாள் இந்த வாய் எங்கே போயிருந்தது? கேட்டிருப்பாள், ஆனால் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழட்டும் என்று மிளகாய் விட்டுவிட்டாள்.

"குடுங்க," என்று லாரிக்காரரிடமிருந்து கடப்பாரையை வாங்கினாள்.

"உங்களால முடியாதும்மா."

முடிந்தது. மதில் ஓரத்தில் முதல் அடியிலேயே விரிசல் விட்டது. ஒவ்வோர் அடிக்கும் தோள்பட்டை வரை அதிர்ந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். "கொடு, நான் உடைக்கிறேன்," என்று அண்ணன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவன் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கி மதில் ஓரமாக வைக்க ஆரம்பித்தான்.

கான்கிரீட் மூடி தெரிந்ததும் லாரிக்காரர் எல்லாரையும் விலகச் சொன்னார். கொக்கியை மாட்டி நெம்பித் தூக்கினார். ஆபீஸ் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஓடட்டும். மிளகாய் மூக்கைப் பொத்தவில்லை. அம்மா இதே நாற்றத்தோடுதான் சோறு தின்றாள், தூங்கினாள்.

"மேல கட்டி தட்டிப்போய்க் கிடக்குதே. எத்தனை வருஷமாத் திறக்கல?" லாரிக்காரர் யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.  அவர் குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார். தெருவே அதிர அது உறிஞ்சியது.

மிளகாய் உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். பீங்கானில் தளும்பி நின்ற தண்ணீர் நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு பெரிய விக்கலோடு உள்ளே போயிற்று. தரையில் தேங்கியிருந்ததும் வடிந்தது. தேவைப்பட்டது இவ்வளவுதான். ஒரு கடப்பாரை, ஒரு லாரி, ஒரு மத்தியான நேரம். இதற்குத்தான் அம்மா நாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மிளகாய் சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தரையைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்துக் கழுவி, மறுபடியும் தேய்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டீச்சரும் அண்ணியும் அவளும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கனமே இல்லை. டீச்சர் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொள்ள, அண்ணி சோப்பை எடுத்துக் கொடுத்தாள். மிளகாய் வாங்கிக்கொண்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமுடியைப் பிரித்து அலசினாள். கழுத்து, அக்குள், விரல் இடுக்கு, வீங்கிய முழங்கால். ஒவ்வொரு குவளையும் அம்மாவின் மேல் இறங்கி, தரையில் ஓடி, மூலைத் துவாரத்தில் சுழித்துக்கொண்டு போனது.

"போதுமே," என்றாள் அண்ணி, மெதுவாக.

வெளியே மோட்டார் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் கேட்டது. "அம்மாவைக் கொண்டுபோற வண்டி வந்துடுச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்துக்கிட்டு இருக்கட்டும்."

வாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சமிருந்தது. அதையும் அம்மாவின் காலில் ஊற்றிவிட்டு, வாளியைக் குழாயின் கீழே வைத்தாள். குழாயை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவும் திருகிவிட்டு, நிறையட்டும் என்று நின்றாள்.