செய்தவர் கட்டம்

அரங்கநாதன் சிவப்பு மைப் பேனாவால் அடித்த அடியில் தாளே கிழிந்துவிட்டது. கிழிந்தது அறுபத்து நான்காம் பக்கம். ஆரோக்கியசெல்வியின் ஐந்து வருஷ உழைப்பு. சிறுகதைகளில் வினைச்சொற்கள் என்பது அவள் ஆய்வு. யார் செய்கிறார்கள், யாருக்கு நடக்கிறது, செய்தவரை வாக்கியம் எங்கே ஒளித்துவைக்கிறது என்று கதை கதையாகக் கட்டம் போட்டிருந்தாள். விழுப்புரத்துக் கல்லூரியில் அவளுக்கு நெறியாளர் அவர். அவர் கையெழுத்து விழுந்தால்தான் பட்டம். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்றுதான் கடைசி நாள். "என் கதையையும் சேத்துக்கோம்மா" என்று போன வருஷம் தானே கொண்டுவந்து கொடுத்ததும் இதே மனுஷன்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

அவர் கதை பெருமுக்கல் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை விளையும் காட்டில், நடக்கிறது. கூலிக்காரி அம்மணி அழுகிறாள், நடுங்குகிறாள், நிற்கிறாள். பதினெட்டு வினை, ஒன்றில்கூட அவள் கை எதையும் தொடவில்லை. மல்லாட்டை 'பிடுங்கப்பட்டது'. அவளுக்குத் தண்ணீர் 'மறுக்கப்பட்டது'. கிழிந்த அந்தப் பக்கத்தில், செய்தவர் என்ற கட்டத்தில் ஆரோக்கியசெல்வி 'காலி' என்று எழுதியிருந்தாள்.

"இன்னாம்மா காலி? தண்ணி குடுக்காதது நெலத்துக்காரன்னு படிக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அப்புறம் நீங்க ஏன் சார் எழுதல?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "எவ்ளோ எரக்கப்பட்டு எழுதுன கதை தெரியுமா? உன்ன இங்க சேத்துவுட்டதே நாந்தான், மறந்துடாத. அந்தப் பக்கத்த எடு, கையெழுத்துப் போடறேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உபகாரம் என்றால் மட்டும் 'நான்' ஓடிவந்து முன்னால் நின்றுகொள்கிறதே! அம்மா இருதயமேரி இந்நேரம் அதே பெருமுக்கல் கொல்லையில் குந்திக்கொண்டு செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருப்பாள். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிடும்போதுகூடக் கேட்டாள்: "நான் ஆயறது மல்லாட்ட. நீ அஞ்சு வருசமா இன்னாத்தடி ஆஞ்சிக்கினு கீற?" அப்போது சிரித்துவிட்டு வந்தாள். இப்போது பதில் கிடைத்துவிட்டது: வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்ட ஆளை. தன்னைத் தானே பிடுங்கிக்கொண்ட மல்லாட்டை உலகத்தில் கிடையாது.

"எடுக்க மாட்டேன் சார்."

அரங்கநாதன் முதல் பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்துக்கென்று விட்டிருந்த கோட்டின்மேல் ஏதோ எழுதி, அவள் பக்கம் தள்ளினார். ஃபேன் காற்றில் படபடத்த தாளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு படித்தாள்.

'அனுமதி மறுக்கப்பட்டது.'

ஆளும் இல்லை, பேரும் இல்லை. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிவர, அவர் பேனாவையே எடுத்து அதன் கீழே ஒரு கட்டம் போட்டாள். மேலே 'செய்தவர்' என்று எழுதினாள். தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை மூடாமல் நீட்டினாள்.

"பேர எழுதுங்க சார்."

அவர் கை மேசைமேலேயே இருந்தது. பேனா முனையில் திரண்ட மை ஒரு சொட்டு விழுந்து, காலிக் கட்டத்துக்குள் சிவப்பாக ஊறத் தொடங்கியது.