கண்ணை மூடி அடிச்ச அஞ்சு எழுத்து

பாறசாலையில நான் நடத்தியது டைப்ரைட்டிங் கிளாஸ். எனக்க கெட்டியவருக்க தங்கச்சி ஜினிக்கு அது வெறும் ‘டொக்கு டொக்கு’ ஆக்கும். தொண்ணூத்தெட்டில ஹாலுக்கு நடுவில பலகை அடிச்சு, அந்தப் பக்கம் அவ ஒரு கம்ப்யூட்டர் வெச்சா. இந்தப் பக்கம் எனக்கு நாப்பது பிள்ளைய. அந்தப் பக்கம் ஒத்த ஜினி. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல.

அதில லினக்ஸ் போட்டு ஒரு புரோகிராம் ஓட விட்டிருந்தா. பதினெட்டு ஊரையும் தொட்டு பூவாருக்குப் போக எது குறுக்குவழின்னு அது கண்டுபிடிக்கணும். முப்பது மணிநேரமா ஓடுது. மறுநாள் காலேஜில அதுக்காக்கும் வைவா பரீட்சை.

விடையை ஃபைல்ல எழுதச் சொல்ல விட்டுப்போச்சோன்னு மத்தியானம் அவளுக்கு ஒரு சந்தேகம். தான் எழுதின புரோகிராமைத் திறக்கதுக்குப் பதிலா, அதை மிஷினுக்கு மட்டும் புரியும்படி மாத்தி வெச்ச ஃபைலைத் திறந்துட்டா. ஸ்கிரீன் முழுக்க கட்டமும் கோடும். என்ன அடிச்சாலும் அதேதான் வருது. ஃபைல்ல எழுதச் சொல்லல்லேன்னா விடை அந்த ஸ்கிரீன்ல மட்டுந்தான் வரும். வந்தாலும் கட்டமாத்தான் இருக்கும், வாசிக்க ஒக்காது.

எனக்க கெட்டியவரு யோசுவா, சர்ச்சில மைக்செட் பாக்கியவரு. மைக் கீச்சிட்டா அணைச்சுப் போடுவாரு. ஃபேனுக்கும் டிவிக்கும் அதே வைத்தியந்தான்.

“ஒருக்கா அணைச்சுப் போடட்டா?” விரலு சுவிச்சில இருக்கு.

“வேண்டாம் அண்ணா. தொட்டா முப்பது மணிநேரமும் போச்சு” ன்னு ஜினி அழுதுட்டா.

“வேற வழி இல்லியாடி?”

“உண்டு மைனி. ஒரு என்டர். பிறகு ஆர், இ, எஸ், இ, டி. திரும்ப என்டர். ஸ்கிரீன் மட்டும் சரியாவும், புரோகிராம் நிக்காது. மூணு தடவை அடிச்சு நோக்கிட்டேன்.”

நோக்கின லட்சணத்தை நான் பாத்தேன். ஒத்த விரலால ஒரு எழுத்தைக் குத்துவா, தலையைத் தூக்கி ஸ்கிரீனைப் பாப்பா, கட்டத்தைக் கண்டதும் பயந்து அழிப்பா. கண்ணால காணாம அவளுக்கு நம்பிக்கை வராது.

“எந்திரி” ன்னேன். விரலுக்கு மேல துண்டைப் போட்டு மூடியாக்கும் நான் பிள்ளையளைப் பழக்கியது. கண்ணை மூடினேன். என்டர், அஞ்சு எழுத்து, என்டர்.

முழிச்சுப் பாத்தா ஸ்கிரீன்ல நல்ல எழுத்து. புரோகிராம் அது பாட்டுக்கு ஓடுது.

“அணைச்சிருந்தா இதுக்கு முன்ன சரியாயிருக்கும்” ன்னுட்டு இவரு போனாரு.

நாலு மணிக்கு விடை வந்துது. பிரிண்டர் கிடையாது. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து அவ ஊரு ஊரா வாசிச்சா, இந்தப் பக்கம் நான் டொக்கு டொக்குன்னு அடிச்சேன்.

“மைனி, இன்னொரு காப்பி கூட கிட்டுமா? இது தொலைஞ்சா நான் செத்தேன்.”

“கார்பன் முதல்லயே வெச்சாச்சு மக்கா” ன்னேன்.