இரண்டாவது பெஞ்சின் தண்ணீர்

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு பள்ளியில், நான்காம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சுக்கு அடியில் மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. கால் மணி நேரம் நின்று வடிந்தது. பக்கத்துப் பெஞ்சின் அடியில் கிடந்த சாக்பீஸ் தூள்கூட நனையவில்லை. அந்தப் பெஞ்சில் அஸ்வினி மட்டும் உட்கார்ந்திருந்தாள். முந்தைய கார்த்திகையில் ஏரி உடைந்தபோது, அவளோடு இரட்டையாகப் பிறந்த ரஞ்சித் அவள் கையிலிருந்து நழுவிப் போனான். உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மாற்றுச் சான்றிதழுக்கு அப்பா கையெழுத்துப் போட்டால்தான் நீக்க முடியும் என்று தலைமையாசிரியர் தேவநாதன் சொல்லிவிட்டார். அப்பா ஜெகதீசன் மல்லாட்டைக் கொல்லையை, அந்த வேர்க்கடலைக் காட்டை, விட்டு வரவில்லை. இருதயமேரி டீச்சர் அவன் பெயரையும் வாசித்தார். வராத பிள்ளைக்கு வகுப்பே சேர்ந்து பதில் சொல்வது அங்கே வழக்கம். "வரல டீச்சர்!" என்று முப்பது பேர் கத்துவார்கள். அப்போதுதான் தண்ணீர் ஏறும்.

அஸ்வினி காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொள்வாள். இறக்கச் சொன்னால் கடிப்பாள். யாராவது கையைப் பிடித்தால் நகம் பதியப் பிடித்து, மணி அடித்தாலும் விடமாட்டாள். பாட்டில் தண்ணீரைக் கொட்டுகிறாள் என்று நினைத்து டீச்சர் அவளை ஒருநாள் வெளியே முட்டி போடவைத்தார். அவளோடு தண்ணீரும் வெளியே போனது. கடிபட்ட பிள்ளைகளின் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அவளை விழுப்புரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்ப முடிவானது.

ஜெகதீசனை ஆள் விட்டு அழைத்தார்கள். "ரெண்டு பேப்பருங்க. ஒண்ணு பையனுக்கு, ஒண்ணு பொண்ணுக்கு," என்றார் தேவநாதன். அப்போது அடுத்த அறையிலிருந்து "வரல டீச்சர்!" என்ற சத்தம் வந்தது. ஜெகதீசன் எழுந்து போய், வேட்டியை மடிக்காமலே தண்ணீரில் இறங்கி மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெனமும் இப்படித்தான் சொல்றாங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"நீ அவன வுடலம்மா. நாந்தான் உன்ன புடிச்சி கரைக்கு இஸ்தேன். இஸ்த இஸ்ப்புலதான் அவன் கை வுட்டுப்போச்சி."

"கால மேல தூக்கிக்கப்பா," என்றாள் அஸ்வினி. "சில்லுனு இருக்கு."

அவர் பையனுடைய தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினார். மறுநாள் அந்தப் பெயரை வாசிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. தண்ணீர் வழக்கம்போல ஏறியது. அஸ்வினி சில நாள் கடித்தாள், சில நாள் கடிக்கவில்லை. தை மாதம் மேல்மலையனூர்ப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த வெண்ணிலாவுக்கு உட்கார வேறு இடமில்லை.

"செருப்ப எங்கடி வைக்கிறது?"

"மேல வச்சிக்கோ. கால் மணிதான்."

இருவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு எழுதினார்கள்.